மறு: வளைவு நிதி, ஆளுக்கு 5,000 ரூபாய்

மஸ்கட் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

ஊருக்குப் புது வரவேற்பு வளைவு கட்ட ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்டு வந்த கடிதத்தைப் பார்த்தேன். நம் செங்கோட்டையில்தான் ஏற்கெனவே ஒரு வளைவு நிற்கிறதே, புதிதாக இன்னொன்று எதற்கு? அதன் நடுவில் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை நாம் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தோம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

போன மாதம் ஊருக்குப் போன மதினி அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். தூணில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதன் மேலேயே காதணி விழா போஸ்டர். கிழித்த இடத்திலெல்லாம் பசையோடு காரைப் பூச்சும் பெயர்ந்து வந்திருக்கிறது. ஃபிளெக்ஸ் கட்ட ஆணி வேறு. பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்கிறார் பம்பாய் அத்தான். அத்தான், பள்ளிக்கூடத்துக்கு இடம் எழுதிக் கொடுத்த உங்கள் தாத்தா பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? ஊருக்கே தெரியுமே.

குற்றாலத்தில் குளித்துவிட்டு கேரள பார்டரில் புரோட்டா சாப்பிட வருகிற கூட்டம் கொஞ்சமா? வாஞ்சிநாதன் இந்த ஊர்க்காரர் என்று அதில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டவருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் கார்கள் போகின்றன. முறையாக அனுமதி வாங்கி பழைய வளைவைச் சுத்தம் செய்வோம். பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வைப்போம்: மணிமண்டபம், பண்பொழி திருமலைக் கோயில், இலஞ்சி குமாரர், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, கழுதுருட்டி பதிமூன்று கண் ரயில் பாலம்.

அந்தப் பாலத்தை எழுதும்போதே மீட்டர் கேஜ் ரயில் ஞாபகம் வந்துவிட்டது. 1904-இல் போட்ட பாதை. குகை வந்ததும் பெட்டி முழுக்க நாம் போடுகிற கூச்சல்! 2010-இல் நிறுத்தி, அகலப் பாதையாக்கி, 2018-இல் திரும்ப ரயில் விட்டார்கள். அந்த ரயிலில் வருகிறவர்களும் இறங்கி நம் ஊரைப் பார்க்க வேண்டாமா?

அப்புறம், நூலகத்துக்கு வசூலித்த பணத்தின் கணக்கு இன்னும் வரவில்லை. தாம்பரம் சித்தப்பா மூன்று தடவை கேட்டுவிட்டார். அவரிடம் பழைய தேர்தல் கோபத்தைக் காட்டாதீர்கள், அண்ணாச்சி. ரசீதோடு அனுப்புங்கள். பழைய வளைவுக்கு என்றால் ஆளுக்குக் கேட்ட 5,000-க்குப் பதில் நான் 10,000 தருகிறேன். புது வளைவுக்கு ஒரு பைசா தர மாட்டேன்.

— கீழத்தெருக்காரன், துபாய்