நேரக் கணக்கெடுப்பில் என் வீட்டு நாள் எங்கே இருக்கிறது?

வடகரை வாசகி (செல்லூர், மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முடிவுகளைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் சொல்கிறது. 2019இல் இவை 299, 97 என்று இருந்தன. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததை முன்னேற்றமாகக் கொள்ளலாம் என்றால், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறதே, அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நான் கேட்க வந்தது அதுவன்று.

அந்த 289 நிமிடங்களுக்குள் என் நாள் அடங்குகிறதா என்பதே என் ஐயம். எங்கள் தெருவில் குடிநீர் ஒன்றுவிட்ட நாள் வருகிறது. எந்த நேரத்தில் வரும் என்பதற்கு உறுதியில்லை. அந்த நாளில் அடுப்படியில் நின்றாலும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாலும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாலும், ஒரு காது தெருக்குழாயின் மீதே இருக்கும். தண்ணீர் பிடித்து வைக்க ஆகும் நேரம் அதிகமில்லை. ஆனால் அதற்காக முற்பகல் முழுவதும் வெளியே கிளம்ப முடியாமல் போகிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? பால்காரருக்குக் கதவு திறப்பது, மோட்டாரை நிறுத்துவது, மழை தூறினால் மாடிக்கு ஓடித் துணிகளை அள்ளி வருவது போன்ற இரண்டு மூன்று நிமிட வேலைகளை எவ்வாறு எண்ணுவார்கள்? துவரம்பருப்பு எத்தனை நாளைக்கு வரும், மாமியாரின் மாத்திரை எப்போது தீரும் என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும் கணக்கு யாருடைய கணக்கில் வரும்?

ஆய்வுகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. இத்தகைய பணிகளில் ஈடுபட்டவர்கள் இங்கே இருந்தால், எவற்றைக் கருத்தில் கொள்கிறார்கள், எவற்றை விட்டுவிடுகிறார்கள், விடுபடுவது தெரிந்தே நடக்கிறதா என்பதை விளக்க வேண்டுகிறேன்.

பழைய கணக்கெடுப்பாளர் (கே. புதூர்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். படிவக் கட்டுடன் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நெடுங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். விடுபடுவதில் பெரும்பகுதி தெரிந்தே விடப்படுவது. களப்பணியாளருக்குத் தரப்படும் கையேட்டிலேயே அது விதியாக இருக்கிறது.

இந்தக் கணக்கெடுப்பில் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரின் ஒரு நாள், அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்து எழுதப்படுகிறது. ஒரு கட்டத்துக்குள் பல வேலைகள் நடந்திருந்தால், பத்து நிமிடமோ அதற்கு மேலோ நீடித்தவற்றில் அதிகபட்சம் மூன்றைக் குறிக்கலாம். ஆகவே துணி அள்ளிய மூன்று நிமிடம் படிவத்துக்குள் வர வழியே இல்லை. முற்பகல் முழுவதும் குழாயின் மீது இருந்த காதுக்கும் இடமில்லை. ஏனெனில் அங்கே எழுதப்படுவது என்ன செய்தீர்கள் என்பதேயன்றி, எதைச் செய்ய முடியாமல் கட்டுண்டு கிடந்தீர்கள் என்பதன்று.

இன்னொன்றும் சொன்னால் வியப்படைவீர்கள். தெருக்குழாயிலிருந்து நீங்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவரும் நேரம் அந்த 289 நிமிடங்களில் சேராது. பன்னாட்டு வகைப்பாட்டின்படி தண்ணீர் கொண்டுவருவதும் விறகு பொறுக்குவதும் சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள் உற்பத்தி என்ற தனிப் பிரிவில் அடங்கும்; அதே தண்ணீரில் உலை வைப்பது வீட்டுச் சேவைப் பிரிவுக்குப் போகும். மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது பராமரிப்பு என்ற மூன்றாவது பிரிவு. உங்கள் ஒரே காலைப் பொழுது மூன்று அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும். செய்தியில் வருவது அவற்றில் ஒன்று மட்டுமே.

இதில் ஆய்வின் மேல் பழி போட முடியாத பகுதியும் உண்டு. 2019 அறிக்கையின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்டதாகச் சொன்ன ஆண்கள் 26.1 விழுக்காடு, பெண்கள் 81.2 விழுக்காடு. 97 நிமிடம் என்பது அந்த 26.1 விழுக்காட்டினருக்கு மட்டுமான சராசரி. துரும்பைக்கூட நகர்த்தாத ஆண்களையும் சேர்த்து வகுத்தால் அது 25 நிமிடத்துக்கு வந்துவிடும்; பெண்களுக்கு 243 நிமிடம் நிற்கும். அறிக்கை இதை மறைக்கவில்லை. அட்டவணையின் தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டவர்களே மறைத்தார்கள்.

விதி சரியாக இருந்தும் வாசற்படியில் விடுபட்டுப் போவது மூன்றாவது வகை. என் அனுபவத்தில் அதுவே மிகப் பெரியது. 2017 முதல் நடந்துவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்பவர். 93 என்றால் அதனுடன் விறகு, கீரை, மாட்டுத்தீவனம் சேகரிப்பது, சொந்த வீட்டுக்குத் தைப்பது போன்றவற்றையும் செய்பவர். இருவருமே தொழிலாளர் கணக்குக்கு வெளியே நிற்பவர்கள். இப்போது மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வந்த உதிரிப்பூவை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கூலிக்குக் கட்டிக் கொடுக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் 30 நாளோ அதற்கு மேலோ அவ்வாறு உழைத்திருந்தால் துணை நிலையிலாவது அவரைத் தொழிலாளி என்று எழுத வேண்டும் என்பதே விதி. ஆனால் வாசலில் நின்று கேட்டால் கணவர் முந்திக்கொண்டு, ‘அவள் வீட்டில்தான் இருக்கிறாள்’ என்பார். பெண்ணின் மடியில் நார் கிடக்கும், அருகில் பாதி கட்டிய சரம் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு மேலும் இரண்டு கேள்வி கேட்கும் பணியாளர் உண்டு. மாலைக்குள் முடிக்க வேண்டிய வீடுகளை எண்ணி 92 என்று எழுதிவிட்டு நகர்பவரும் உண்டு. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதைக் கட்டும் கைகளுக்குச் சரியான குறியீடு கிடைப்பது கதவைத் தட்டியவரின் பொறுமையைப் பொறுத்தது.

உசிலம்பட்டியான் எழுதியது:

ஐயா எழுதியதோடு எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். நேரத்தைப் போலவே பணத்திலும் இப்படி நழுவிப் போவது உண்டு.

எங்கள் ஊரில் காதுகுத்து, வசந்தவிழா, கல்யாணம் என்று எது வந்தாலும் மொய்யும் செய்முறையும் இல்லாமல் நடக்காது. வந்த மொய்யை நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். தங்கை மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்ய ஆட்டை விற்றவர்களையும் நகையை அடகு வைத்தவர்களையும் நான் அறிவேன். ஆனால் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், பிறருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் பணம் நுகர்வாகச் சேராது. கடன் உண்டா என்று கேட்டு வருபவரிடம் மொய் பாக்கியைக் கடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை, கடன் பத்திரமும் இல்லை. ஆயினும் ஒரு குடும்பம் ஆவணி மாதம் ஏன் திணறியது என்பதை அந்த நோட்டைப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

சாப்பாட்டுக் கணக்கும் இதைப் போன்றதே. சமைத்த உணவு எந்த வீட்டு அடுப்பில் வெந்ததோ அந்த வீட்டின் நுகர்வாகவே எழுதப்படும் என்பது அவர்களுடைய முறை. விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டது விருந்து வைத்தவர் கணக்கில் ஏறும். வீட்டு வேலைக்குப் போகும் பெண் முதலாளி வீட்டில் சாப்பிடும் இட்லி முதலாளி கணக்கில் ஏறும். இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது என்பது புரிகிறது. ஆனால் அதன் விளைவாக வசதியானவர் உண்மையில் தின்றதைவிட அதிகமாகவும், வேலைக்காரர் குறைவாகவும் தின்றதுபோல் தாளில் தெரியும்.

நலவாழ்வு ஆய்வாளர் (மதுரை) எழுதியது:

மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். எனினும், எதையாவது விட்டுவிடுவதே ஆய்வின் குற்றம் என்ற எண்ணம் வாசகர்களுக்கு வந்துவிடக் கூடாது என்று கருதுகிறேன். எதையும் விடாமல் எழுதுவதென்றால் ஒரு குடும்பத்தை மட்டுமே எழுத முடியும்; லட்சக்கணக்கான குடும்பங்களை ஒப்பிட வேண்டுமானால் சில கட்டங்களுக்குள் அடைத்தே ஆக வேண்டும். எனவே விடுபட்டது பின்னர் கண்டுபிடிக்கப்பட்டதா, அதற்காகக் கேள்வி மாற்றப்பட்டதா என்பதையே நான் பார்ப்பேன்.

நேரக் கணக்கெடுப்பே அவ்வாறு பிறந்ததுதான். 1970களில் ஆய்வாளர்கள் தேவகி ஜெயினும் மாலினி சந்தும் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் வீட்டாரின் நேரத்தைப் பதிவு செய்தபோது, அரசுக் கணக்கில் வேலை செய்யாதவர்களாகக் கிடந்த பெண்கள் பலர் ஓயாமல் உழைப்பவர்கள் என்பது தெரியவந்தது. பிறகு 1998 - 99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டக் கணக்கெடுப்பு நடந்தது. அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. அதில் வழக்கமான நாள், வாரத்தில் மாறுபடும் நாள், வழக்கத்துக்கு மாறான நாள் என்று வகை பிரித்தே கேட்டார்கள். 2019இல் ஒருவருக்கு ஒரு நாள் என்று சுருங்கிவிட்டது. நாடு முழுவதற்கும் விரிந்தபோது ஒரு வீட்டுக்குள் ஆழம் குறைந்தது என்பதே என் மதிப்பீடு. வாசகி அம்மாவின் தண்ணீர் வரும் நாளும் வராத நாளும் பழைய முறையில் ஒருவேளை தனித்தனியாகத் தெரிந்திருக்கும்.

மருத்துவத் துறையிலிருந்தும் மதுரைக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்த பிறகும் பார்வை இழந்தவர்கள் வராமல் இருந்ததை அறியாமை என்றும் அச்சம் என்றும் சொல்லிக் கடந்துவிட முடிந்திருக்கும். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவரும் பங்கேற்று, தென்னிந்தியாவின் 90 கிராமங்களில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் சென்றது. அறுவை சிகிச்சை மட்டும் இலவசம் என்பதையும், வழிச்செலவையும் உணவையும்கூட ஏற்பதையும் தனித்தனியாகச் சோதித்தது. ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவரை வீடு வீடாக அனுப்பிப் பேச வைத்தும் பார்த்தது. பேருந்துக் கட்டணமும் ஒரு தடை என்பது அப்போதுதான் ஆய்வின் கண்ணுக்குத் தெரிந்தது. மேலூர்ப் பக்கத்து மூதாட்டி யாரிடம் கேட்டிருந்தாலும் முதலிலேயே சொல்லியிருப்பார். அதற்குப் பிறகும், துணைக்கு வரும் மகன் இழக்கும் கூலியை யார் எண்ணுவது, பாட்டி இல்லாத நாட்களில் பேரப்பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விகள் மீதி இருக்கின்றன. நோயாளியை மட்டும் அலகாகக் கொண்டால் இவை வெளியே நிற்கும். வீட்டை அலகாகக் கொண்டால் உள்ளே வந்துவிடும்.

வடகரை வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன 26.1 விழுக்காட்டுக் கணக்கை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். அதற்கு மறுமொழி ஏதும் வரவில்லை.

ஆய்வாளர் அம்மாவுடன் ஓரிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சில கட்டங்களில் அடைத்தே ஆக வேண்டும் என்பது சரிதான். எந்தக் கட்டம் என்பதை முடிவு செய்தவர்கள் குழாயடியில் நின்றவர்களாகத் தெரியவில்லையே. எண்ணுவதால் விளைவு உண்டு என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். 2023 செப்டம்பர் முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கப்படுகிறது. நாளுக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 144 மணி நேரம். மணிக்கு 7 ரூபாய்கூட வரவில்லை. தொகையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, வாங்குகிறவர்களில் நானும் ஒருத்திதான். ஆனால் 289 என்பதே குறைத்து எண்ணப்பட்டது என்றால், இப்படிப் போடும் எந்தக் கணக்கும் அடித்தளத்திலேயே பிசகிவிடுகிறது.

எங்கள் மகளிர் குழுவில் இதைப் பேசினோம். ஒவ்வொருவரும் தம் ஒரு நாளைத் தாமே பத்து நிமிடக் கட்டங்களில் எழுதிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. குழுவில் பூ கட்டுகிறவர்களும் கைத்தறிக்குத் தார் (ஊடை நூல்) சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். படிவம் எவ்வாறு அமைய வேண்டும் என்று ஐயா சொல்ல இயலுமா?

பழைய கணக்கெடுப்பாளர் எழுதியது:

தாராளமாகச் சொல்கிறேன். படிவத்தில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போதும். முதலாவதில் கை செய்த வேலை. இரண்டாவதில் அதே நேரத்தில் யாரை அல்லது எதைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது. மூன்றாவதில் அந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க முடியுமா, முடியாதா என்பது. மூன்றாவது பத்தி எந்த அரசுப் படிவத்திலும் நான் பார்க்காதது. உங்கள் முதல் பதிவைப் படித்த பிறகுதான் தோன்றியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிவிடுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் சிறு வேலைகள் எல்லாம் மறந்துபோகும். ஒருவருக்காக மற்றவர் எழுத வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் குழுவில் இருந்தால் பள்ளி செல்லும் பெண் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லச் சொல்லி எழுதுங்கள்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அரசு முறையில் அதிகாலை 4 மணி. பெரும்பாலோர் அப்போது உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் அந்த நேரத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் பூவெடுக்கவும் பூச்சந்தைக்குப் போகவும் 2 மணிக்கே எழுந்துவிடுகிறவர் உங்கள் குழுவில் இருந்தால், அவருடைய வேலையின் முதல் இரண்டு மணி நேரம் முந்தைய நாளின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். அவரவர் எழும் நேரத்திலிருந்து 24 மணி நேரம் எழுதச் சொல்லுங்கள்.