புதுப்பிப்பு: அதிக விலை போகும் கீவேர்டு

என் சமையல் தளத்தில் ஆட்சென்ஸ் (தளத்தில் கூகுள் காட்டும் விளம்பரம்) வருமானம் ஏறவில்லை, விளம்பரத்துக்கு விலை போகும் கீவேர்டை, அதாவது தேடுசொல்லை, எப்படித் தேடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன, விளம்பரதாரர்கள் கீவேர்டு தேடும் கருவியான கூகுள் கீவேர்டு பிளானரைப் பார்த்தேன். அதில் காட்டும் தொகை தேடல் பக்கத்தின் மேலே வர விளம்பரதாரர்கள் கொடுக்கும் ஏலத்தொகை, நம் தளத்துக்கு அப்படியே வராது, அதனால் எது அதிகம் எது குறைவு என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டேன். காப்பீடு, வீட்டுக் கடன் எல்லாம் உச்சத்தில்தான், ஆனால் ரசம் வைக்க வந்தவர் அதைப் படிக்க மாட்டார்.

அப்புறம், 'இட்லி மாவுக்கு மிக்ஸியா கிரைண்டரா' என்று ஒரு பக்கம் எழுதினேன். வாங்க நினைப்பவர் தேடும் சொல் அது, விற்பவர்கள் போட்டி போடுவதும் அங்கேதான். கூட்டம் குறைவு, ஆனால் ஆர்பிஎம் (ஆயிரம் பார்வைக்குக் கிடைக்கும் வருமானம்) சாம்பார் பக்கத்தைவிட நன்றாகவே ஏறியிருக்கிறது. அடுத்து குக்கர் பற்றி எழுதுகிறேன்.