டிவியும் பிள்ளைகளும்: உங்கள் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருவாரூர் பக்கம்

டிவியால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் சண்டைக் காட்சியைத்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்பு எடுக்கும் எனக்குக் கண்ணில் படுவது வேறு. பிள்ளைகள் டிவியிலிருந்து கையை விட வாயைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பென்சில் காணாமல் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டால் முடிந்தது. இவள் எழுந்து நின்றாள். பாதி திரும்பி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். நேரம் வரும்போது பேசிக்கிறேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பென்சில் அவள் பையிலேயேதான் இருந்தது, அது வேறு கதை.

அவள் பாட்டி பள்ளிக்கு வந்தபோது மெதுவாகக் கேட்டேன். "அவ எங்க டீச்சர் பாக்குறா? நாடகத்த நான்தான் பாக்குறேன். அவ அந்தாண்ட திரும்பி உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருப்பா" என்றார். பாட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை முதுகைத் திருப்பிக்கொண்டாளே தவிர காதைத் திருப்பவில்லை.

இடைவேளையில் இவர்கள் விளையாடுவதை ஒருநாள் மரத்தடியில் நின்று பார்த்தேன். நாலு பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒருத்தி ஏதோ அதிர்ச்சியான விஷயத்தைச் சொல்கிறாள். உடனே எல்லோரும் சிலை. ஐந்தாவதாக ஒரு பையன், இரண்டு கையையும் கட்டம் மாதிரி பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தி முகத்துக்கு முன்னாலும் ஓடிப்போய் மூன்று தடவை "டொய்ங், டொய்ங், டொய்ங்" என்கிறான். அவன்தான் கேமராமேன், மியூசிக்கும் அவனே. நானும் சிரித்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கவனிப்பு. அதே பிள்ளைகள் வகுப்புக்கு வந்ததும் "அவகூட இனிமே யாரும் பேசக்கூடாது" என்று ஆள் சேர்க்கும்போதுதான் சிரிப்பு வருவதில்லை.

ஆசிரியர் பயிற்சியில் உளவியல் அறிஞர் பண்டூராவின் பொம்மைச் சோதனையைப் படித்திருப்போம். 1961இல், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், தனியே விட்டபோது அதே மாதிரி அடித்தார்கள். 1963இல் அதையே படமாகப் போட்டுக் காட்டியும் பார்த்தார். படத்தைப் பார்த்த பிள்ளைகளும் அடித்தார்கள். பரீட்சைக்கு அடித்ததை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பெரியவர் அடிக்கும்போது சொன்ன வார்த்தைகளையும் பிள்ளைகள் அப்படியே திருப்பிச் சொன்னார்கள் என்பதும் அதே சோதனையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில், தெருவில் என்ன பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

ஒரு அம்மா, கோயம்புத்தூர்

டீச்சர், என் பையன் யூகேஜி. எங்கள் வீட்டில் ஷின்சான். அந்தக் கார்ட்டூனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பையன் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், இழுத்து இழுத்துப் பேசுவான். 2008இல் மத்திய அரசே அதை நிறுத்தச் சொல்லி, அப்புறம் வெட்டி ஒட்டித்தான் திரும்ப வந்தது. வெட்டியதற்கே இப்படி!

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகூட "வாங்க, போங்க" என்றுதான் பேசும். ஒருநாள் விருந்தாளிகள் இருக்கும்போது இவன் என் பேரைச் சொல்லி, அதே இழுவையில், தண்ணீர் கேட்டான். என் மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை. திட்டினேன், ரிமோட்டை ஒளித்து வைத்தேன், நிற்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரரிடம்தான் சண்டை போட்டேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார், இவனும் மெல்ல விட்டுவிட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார்ட்டூனில் டப்பிங் தமிழ் பேசுகிறார்கள் இல்லையா, அதுவும் ஒட்டிக்கொண்டது. என் மாமனார் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். இவன் போய்த் தோளில் கை வைத்து, "தாத்தா, நீங்கள் கவலைப்படாதீர்கள், நான் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்கிறான். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை, போனில் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். இதைக் கெட்டதில் சேர்ப்பதா நல்லதில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவன், மதுரை

நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கா? சக்திமான் என்ற சூப்பர்ஹீரோ தொடர் 1997இல் வந்தது. தெருவில் ஒரு பையன் விடாமல் எல்லோரும் அவர் மாதிரியே கையைத் தூக்கிச் சுற்றினோம், தலை கிறுகிறுத்து விழுந்தோம். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில பிள்ளைகள் ஆபத்தான வேலையெல்லாம் செய்தார்கள் என்று அப்போது பேப்பரில் வந்து பெரிய பேச்சானது. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இதை யாரும் செய்து பார்க்காதீர்கள் என்று சொன்னார். கதை முடிந்ததும் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லித்தரும் பகுதியும் உண்டு.

எங்கள் வீட்டில் ஓடியது தூர்தர்ஷன். அறிவுரை மொத்தமும் இந்தி. எங்களுக்குப் புரிந்தது சுற்றுவது மட்டும்தான். பல் தேய்க்கச் சொன்னாரா, மாடியிலிருந்து குதிக்காதே என்றாரா, யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒன்று. எங்கள் தெருவில் டிவி இருந்தது இரண்டு வீட்டில். ஒரு வீட்டுத் திண்ணை வரைக்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். அந்த வீட்டுப் பெரியவர் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, "டேய், கயித்தக் கட்டித் தூக்குறாய்ங்கடா, மேல பாரு" என்று கதையைக் கெடுத்துக்கொண்டே இருப்பார். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது என் மகள் தனியாக உட்கார்ந்து பார்க்கிறாள். பக்கத்தில் இருந்து அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

கேபிள் தொழில் செய்பவர், திண்டுக்கல் மாவட்டம்

எல்லோர் வீட்டுக் கதையும் என் போனில் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் ஆரம்பிக்கும். "தம்பி, பையன் டென்த்து. பரீட்ச முடியிற வரைக்கும் லைனக் கட் பண்ணிருங்க, அவன் கேட்டா ரிப்பேர்னு சொல்லுங்க." சரி என்று கட் செய்துவிடுவேன். ராத்திரி ஏழரைக்கு அதே வீட்டிலிருந்து வேறு குரல் வரும். "யப்பா, படம் வரலையே, எட்டு மணிக்கு நாடகம் இருக்கே." அப்பத்தா. கட் செய்யச் சொன்ன அப்பாவிடம் கேட்டால், "எங்கம்மாவுக்கு மட்டும் வர்ற மாதிரி எதுவும் பண்ண முடியுமா?" என்பார். எப்படி முடியும்?

2019இல் சேனலுக்குத் தனித்தனியாகக் காசு என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி வந்தது. அப்போது நிறையப் பேர் முதலில் எடுக்கச் சொன்னது கார்ட்டூன் சேனலைத்தான். பிள்ளை படிக்கும் என்று ஒரு காரணம், காசு மிச்சம் என்று ஒரு காரணம். அதை எடுத்த வீடுகளில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெரியவர்களோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தார்கள். டீச்சர் சொன்ன புருவம் தூக்குகிற பிள்ளை எங்கள் ஊரிலும் உண்டு.

பத்தாம் வகுப்பு கணக்கு எடுப்பவர்

டிவிக்காகவும் ஒரு வார்த்தை. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது, அடுத்த வருடமே கொரோனா. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். டிவி வீட்டிலேயே இருந்தது. சில வீடுகளில் 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசு இலவசமாகக் கொடுத்த அதே கலர் டிவி. அதில் பாடம் பார்த்து நோட்டு நிரப்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பள்ளி திறந்ததும் ஒரு வித்தியாசம் பார்த்தேன். நான் பாதியில் நிறுத்தி, "புரியலன்னா கேளுங்கடா" என்றால் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். எழுதிக்கொண்டே இருப்பான். நிற்காத வாத்தியாரிடம் படித்த பழக்கம். மாறச் சில மாதம் ஆனது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை

கணக்கு சார் சொன்னதைப் படித்ததும் டோரா ஞாபகம் வந்தது. சுட்டி டிவியில் வந்தபோது என் வகுப்பே அதன் பின்னால்தான் கிடந்தது. டோரா ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கண்ணைக் கொட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பாள். பிள்ளைகள் திரையைப் பார்த்துக் கத்துவார்கள். பெரியவர்களுக்கு அது கேலி. ஆனால் 2005இல் அமெரிக்காவில் இரண்டரை வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், டோரா மாதிரி நிகழ்ச்சி பார்த்தவர்களுக்கு வார்த்தைகள் கூடுதலாகத் தெரிந்திருந்தன. டெலிடப்பீஸ் என்ற இன்னொரு சின்னப் பிள்ளைகள் நிகழ்ச்சி பார்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தன. அதனால் கார்ட்டூன் என்று மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம்.

நான் பயப்படுவது யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவிக்குத்தான். 2008இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகளைப் பொம்மைகளோடு விட்டு, பக்கத்தில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். பிள்ளைகள் அதை ஏறெடுத்துப் பார்த்ததே கொஞ்சம்தான். இருந்தும் ஒரு பொம்மையோடு விளையாடும் நேரம் குறைந்துபோனது. முதுகைத் திருப்பி வீட்டுப்பாடம் எழுதும் என் மாணவியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் வீடுகளில் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? பிள்ளை பார்த்த நேரமா, டிவி ஓடிய நேரமா?

நான் பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். சாப்பிடும்போதும் வீட்டுப்பாடம் எழுதும்போதும் அணைத்துவிடுங்கள். மற்ற நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, மதுரைக்காரர் தெருப் பெரியவர் மாதிரி நடுவில் நாலு வார்த்தை பேசுங்கள்.

ஒரு அம்மா, கோயம்புத்தூர்

சாப்பிடும்போது அணைக்க ஆரம்பித்துவிட்டோம் டீச்சர். ஆனால் மாமியாரின் எட்டு மணி சீரியலை அசைக்க முடியாது, பையன் எழுதுவதும் அதே நேரம்தான். அவர் அறையில் சின்ன டிவி ஒன்று வைத்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறேன். கேபிள் அண்ணா, ஒரே கனெக்‌ஷனில் இரண்டு டிவி ஓடுமா?

கேபிள் தொழில் செய்பவர், திண்டுக்கல் மாவட்டம்

ஓடாது அக்கா. இரண்டாவது டிவிக்குத் தனி பாக்ஸ் வேண்டும், மாசக் கட்டணமும் தனி. எதற்கும் உங்கள் ஊர் ஆபரேட்டரிடம் கேளுங்கள், அதே வீடு என்றால் சில இடத்தில் குறைத்துக்கொள்வார்கள். அப்புறம் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சத்தத்தை நாற்பதில் வைத்துத்தான் கேட்பார்கள், எங்கள் ஊர் அப்பத்தாக்கள் எல்லோரும் அப்படித்தான்.