பவர் வால்வு சிவக்கிறது: வால்வின் குற்றமா, கண்டென்சரின் குற்றமா?

பழையபெட்டி:
1960களில் செய்த ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுவது. பவர் பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வுகள், புஷ்-புல் (ஒன்று தள்ள மற்றது இழுக்கும் ஜோடி). கேத்தோடு பயஸ் (வால்வின் கேத்தோடு காலில் ரெசிஸ்டர் வைத்துக் கரண்டை அடக்கும் முறை), இரண்டுக்கும் பொதுவாக ஒரே 130 ஓம் ரெசிஸ்டர். பத்து நிமிடம் அருமையாகப் பாடுகிறது. அப்புறம் இடது வால்வின் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து விழும் உலோகத் தகடு) மங்கலாகச் சிவக்கிறது, விளக்கை அணைத்தால் நன்றாகவே தெரிகிறது. புது ஜோடி மாட்டினேன், அதே கதை.

கண்ணாடிக்காதன்:
புதிது என்று விற்பதெல்லாம் நல்ல வால்வு இல்லை. உள்ளே துளி வாயு மிஞ்சியிருந்தாலும், சூடேறியதும் கிரிட்டில் (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலையில்) கரண்ட் ஓடும், வால்வு தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். சோதித்து ஜோடி சேர்த்த வால்வாக வாங்குங்கள். ஆம்பின் வயிற்றைக் கிழிக்க வேண்டாம்.

ஓம்விதி:
எதையும் வாங்க வேண்டாம். அணைத்து ஆறவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு. அதே சாக்கெட்டில் தங்கினால் சர்க்யூட்.

பழையபெட்டி:
மாற்றினேன். இடது சாக்கெட்டிலேயேதான் சிவக்கிறது. அளந்தும் பார்த்தேன்: பிளேட் 300 வோல்ட், கேத்தோடு 12, இடது கிரிட்டில் பிளஸ் 4.6, வலது கிரிட்டில் பூஜ்யம்.

ஓம்விதி:
கிரிட்டில் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். 4.6 எங்கிருந்து வந்தது? முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து, சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கண்டென்சர் வழியாகக் கசிந்து. கிரிட் பிளஸ் பக்கம் போனால் வால்வு அதிகக் கரண்ட் இழுக்கும்.

கேத்தோடில் 10.4 வோல்ட், அதாவது மொத்தம் 80 மில்லி ஆம்பியர் வர வேண்டிய இடம். 12 என்றால் 92. "பன்னிரண்டு மில்லிதானே கூடுதல்" என்று ஏமாறாதீர்கள். ரெசிஸ்டர் பொது. இடது வால்வு அதிகம் இழுத்துக் கேத்தோடை உயர்த்த, பாவம், வலது வால்வின் கழுத்து இறுகுகிறது. என் கணக்கில் இடது பிளேட் மட்டும் 60 மில்லி வரை இழுக்கும். அது 17 வாட். ஈஎல்84 பிளேட்டின் எல்லை 12.

கண்ணாடிக்காதன்:
கணக்கு அழகு. ஆனால் வாயுள்ள வால்வும் கிரிட்டைப் பிளஸ் பக்கம் தள்ளும், அதைச் சொல்லாமல் விட்டீர்களே.

ஓம்விதி:
தள்ளும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வால்வு வலது சாக்கெட்டுக்குப் போனதும் ஏன் சாதுவாகிவிட்டது?

பழையபெட்டி:
கண்டென்சரை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தேன் சார். கசிவு எதுவும் காட்டவில்லை.

ஓம்விதி:
மீட்டர் கொடுப்பது சில வோல்ட். ஆம்புக்குள் அதன் மேல் 200 வோல்ட், போதாததற்குச் சூடு. பழைய காகிதக் கண்டென்சர் குளிரில் யோக்கியன்.

கிரிட் பக்கக் காலை மட்டும் சால்டர் எடுத்துத் தூக்குங்கள். கிரிட்டையும் சேஸிஸையும் (உலோக உடல்) இணைக்கும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் அங்கேயே இருக்கட்டும், அது அறுந்தால் வால்வு போச்சு. தூக்கிய காலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே டிசி வோல்ட் அளங்கள். முக்கியம்: அணைத்த பிறகும் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சரில் 300 வோல்ட் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, அளந்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். மீட்டர் கிளிப்புகளையும் அப்போதே மாட்டிவிடுங்கள்.

பழையபெட்டி:
67 வோல்ட்!! அரை மணி நேரம் ஓடவிட்டேன், இரண்டு வால்வும் சிவக்கவில்லை.

கண்ணாடிக்காதன்:
67ஐப் பார்த்து மயங்காதீர்கள். மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம், மிகச் சிறிய கசிவையும் பூதமாக்கிக் காட்டும். 200க்கு 67 என்றால் கசிவுத் தடை 20 மெகா ஓம். அது ஒரு கசிவா?

ஓம்விதி:
நீங்களே போட்ட கணக்கை முடித்துவிடுங்கள். 20 மெகா ஓமும் 470 கிலோ ஓமும் 200 வோல்ட்டைப் பங்கு போட்டால் கிரிட்டுக்கு எவ்வளவு?

கண்ணாடிக்காதன்:
...4.6.

சரி, கண்டென்சர்தான். ஆனால் சிவந்த வால்வுகளை நம்பாதீர்கள், அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் உலோகமே வாயுவைக் கக்கும். மின்சாரத்தையும் பாருங்கள். 220க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 240 கொடுத்தால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதில் 6.87.

ஓம்விதி:
அதில் முழுச் சம்மதம். டிரான்ஸ்ஃபார்மரில் 240 டேப் (அந்த வோல்ட்டுக்கான தனி இணைப்பு) இருந்தால் மாற்றிவிடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்ததே பெரிது, ஒரு பக்கச் சுற்றில் அவ்வளவு டிசி ஓடியிருக்கிறது.

பழையபெட்டி:
630 வோல்ட் பாலிபுரொப்பிலீன் போட்டேன். கிரிட் பூஜ்யம், கேத்தோடு 10.5. ஒரு மணி நேரமாகப் பாடுகிறது. வலது பக்கக் கண்டென்சரையும் மாற்றிவிடவா?

ஓம்விதி:
மாற்றுங்கள். அதே வயது, அதே காகிதம்.

கண்ணாடிக்காதன்:
கிரிட் பூஜ்யம் காட்டும்போது எதற்கு? அந்த ஆம்பின் குரலே அதில்தான் இருக்கிறது.

ஓம்விதி:
குரலா? ஆரம்பித்துவிட்டார்.