ஆர்த்தோ-கே: இரவு லென்ஸ் போடும் பிள்ளைகள் வீட்டில் என்ன நடக்கிறது?

தேக்கா அம்மா, சிங்கப்பூர்

மகளுக்கு எட்டு வயதிலேயே மைனஸ் 2.50. ஒவ்வொரு செக்கப்பிலும் பவர் ஏறியதால் ஆர்த்தோ-கே, அதாவது இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும் லென்ஸ், தொடங்கினோம். பகலில் கண்ணாடி வேண்டாம் என்பதில் அவளுக்குக் குஷி. எனக்கோ கண் உருண்டை நீளாமல் இருந்தால் போதும். கிட்டப்பார்வை ஏறுவது பெரும்பாலும் கண் நீள்வதால்தான். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பவர் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அளவு) ஏறிவிடும். அதனால் செக்கப்பில் எழுத்து அட்டையில் எத்தனை வரி படித்தாள் என்று கேட்பதில்லை, கண்ணின் நீளம் எவ்வளவு என்றுதான் கேட்பேன். ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் 0.63 மி.மீ. நீண்டது, இந்த லென்ஸ் போட்டவர்களுக்கு 0.36 மி.மீ. வேகம் குறைகிறது, நின்றுவிடுவதில்லை.

காலையில் கழற்றுவதுதான் பெரிய வேலை. தூங்கி எழும்போது லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே உறிஞ்சு குச்சியை வைத்து இழுத்தால் கருவிழியின் மேல்தோல் உரியும். சொட்டு மருந்து விட்டு, கீழ் இமை ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தி, நாலு முறை சிமிட்டச் சொல்லி, லென்ஸ் நகர்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். ஸ்கூல் பஸ் வரும் நேரத்தில் இதற்கெல்லாம் பொறுமை ஏது? சீக்கிரமே எழுப்பிவிடுவேன்.

இரவில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதாம். வேறு யார் பிள்ளைக்காவது இப்படி உண்டா?

வெள்ளெழுத்து (ஆப்டோமெட்ரிஸ்ட்)

வளையம் வரக்கூடியதுதான் அக்கா. லென்ஸ் கருவிழியின் நடுவை மட்டும் தட்டையாக்குகிறது. அதைச் சுற்றி மேல்தோல் கொஞ்சம் தடிக்கிறது. இருட்டில் கண்பாப்பா விரியும்போது அந்த ஓரத்து வெளிச்சமும் உள்ளே வரும். ஆனால் வளையம் ஒரு பக்கமாக இழுத்தமாதிரி தெரிந்தால் லென்ஸ் நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம், காட்டிவிடுங்கள்.

நான் பயப்படுவது தண்ணீருக்கு. ஒரு பையன் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வந்தான். விசாரித்தால், லென்ஸ் டப்பாவைத் தினமும் குழாய்த் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். அதில் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம், அது கருவிழியைப் புண்ணாக்கிவிடும். புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். அவன் நல்லவேளை தப்பித்தான். 2013இல் வந்த அமெரிக்க ஆய்வின் மதிப்பீடு: 10,000 பிள்ளைகள் ஓராண்டு போட்டால் சுமார் 14 பேருக்குத் தொற்று. சின்ன எண்தான், ஆனால் இழப்பது கண்ணாயிற்றே. வலி, சிவப்பு, கண் கூச்சம் எது வந்தாலும் அன்றிரவு லென்ஸ் கிடையாது, அன்றைக்கே டாக்டர்.

ஜூரோங் அப்பா

என் மகன் 13 வயதில் சலித்துப்போய் நிறுத்திவிட்டான். கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்பும்வரை பவர் தினமும் மாறியது. பழைய கண்ணாடியும் சரிவரவில்லை, புதிதும் உடனே எழுதித் தரவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து சமாளித்தான். 14 வயதுக்குள் நிறுத்தினால் கண் மறுபடி வேகமாக நீளலாம் என்று டாக்டர் சொன்னதால் மீண்டும் போட ஆரம்பித்திருக்கிறான், முணுமுணுத்துக்கொண்டே. அப்புறம், பள்ளி முகாமுக்குப் போகும்போது லென்ஸை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கை கழுவ இடமில்லாத கூடாரத்தில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.