எங்கள் பாட்டு சாரும் ‘பா நாலு ரத்’தும்

வெயிலூரான்:

பாட்டு வாத்தியார் யாரையாவது நினைவிருந்தால் எழுதுங்கள் என்று கேட்டதும் கை பரபரத்துவிட்டது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர். 1989, நான் ஏழாம் வகுப்பு. பாட்டு பீரியட் என்றால் கணக்கு வாத்தியார் போர்ஷன் முடிக்கக் கடன் வாங்கிக்கொள்கிற பீரியட், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. சார் அதற்காகச் சண்டை போட்டதில்லை. பிரேயருக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே எங்களை வரச் சொல்லிவிடுவார். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் அடியில் சுருதிப்பெட்டி, ஒரு பழைய ஆர்மோனியம், நாற்பது பிள்ளைகள். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை அமுங்கினால் எழுந்திருக்காது. அந்த ஸ்வரம் வருகிற இடத்தில் அவரே தொண்டையால் நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

சார் முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்தவர். எண்பதுகளில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு சேர்ந்திசை (பலர் கூடிப் பாடுவது) முகாமில் எம்.பி. சீனிவாசனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார் என்று அவர் வீட்டம்மா சொல்வார்கள். எம்.பி.எஸ். என்றால் இப்போது பலருக்கும் தெரியாது. 1960-இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர், மலையாளத்தில் யேசுதாஸை முதன்முதலாகப் பாட வைத்தவர், மெட்ராஸில் சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்ட ஓடி அலைந்தவர். இதெல்லாம் போக, மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்து, பாரதி பாட்டுகளைப் பல குரல்களாகப் பிரித்து, அதாவது ஒவ்வொரு கூட்டமும் ஒரே நேரத்தில் வேறு வேறு மெட்டில் பாடுகிற மாதிரி, பாட வைத்தார். அப்புறம் மத்திய அரசின் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் திட்டத்தில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் நிறுத்தி, பல மொழிப் பாட்டுகளை ஒரே குரலாகப் பாட வைத்தார். 1988 மார்ச்சில் அவர் இறந்ததும் லட்சத்தீவில், சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்தான். அந்தச் செய்தி வந்த பேப்பரை சார் ஆர்மோனியப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார்.

சரி, கதைக்கு வருகிறேன். வேறு மொழிப் பாட்டுகளை சார் போர்டில் தமிழில்தான் எழுதுவார். நமக்குத்தான் ஒரே ‘ப’ ஆயிற்றே, இந்தி மாதிரி மொழிகளில் நாலு, அதனால் எந்த ‘ப’ என்று காட்ட எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடியாக ஒரு எண் போடுவார். முதல் நாள் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் கணீரென்று “பா நாலு ரத்” என்று வாசித்தான். சார் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் பாரத நாடு என்றால் ‘பா நாலு ரத்’தான்.

அந்த வருஷம் ஒரு பெரிய அதிகாரி பள்ளிக்கு வருவதாக இருந்தது. சுருதி சேராத ஐந்து பேரை எடுத்துவிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சாருக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த ஐந்து பேரில் நான் ஒருவன். சார் “சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் முன்னாலேயே சொன்னார், அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் காலை ஐந்து பேரையும் பின்வரிசையிலிருந்து கூப்பிட்டு நட்டநடு வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவனுக்கும் இந்தப் பக்கம் ஒரு நல்ல குரல், அந்தப் பக்கம் ஒரு நல்ல குரல். “நீ பாடாதே, முதல்ல அவனைக் கேளு, காது ரொம்பின பிறகு வாயைத் திற” என்றார். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் மெதுவாகத் திறந்தேன், சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அப்படியென்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அதிகாரி வந்தார், நாற்பது பேரும் பாடினோம். எடுக்கச் சொன்ன ஐந்து பேர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

நாஞ்சில் பொண்ணு:

படிக்கப் படிக்க எனக்கு வயிற்றெரிச்சல். என் கதை நேர்மாறு. நான்காம் வகுப்பு ஆண்டு விழாவில் எங்கள் டீச்சர் காதோரமாக வந்து, “நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது” என்றார். அன்றைக்கு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உன் குரல் தனியாகக் கேட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, கோவிலில்கூடக் கூட்டத்தோடு பாடினால் வாய் மட்டும்தான் அசைகிறது. உங்கள் சாரைப் போல ஒருவர் கிடைத்திருந்தால்… சரி விடுங்கள்.

சுருதிப்பெட்டி:

நான் இப்போது சென்னையில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். வெயிலூரான் அண்ணா, ஒரு சந்தேகம். பிள்ளைகளை இரண்டு குரலாகப் பிரித்தால் பத்து விநாடிக்குள் இரண்டாம் குரல் வழுக்கி முதல் குரலோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நம் சங்கீதத்தில் எல்லாரும் ஒரே வரியாகப் பாடித்தானே பழக்கம். உங்கள் சார் எப்படிச் சமாளித்தார்? இன்னொன்று, எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைந்ததும் குழுவிலிருந்து நின்றுவிடுகிறார்கள், அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

வெயிலூரான்:

அதற்கு சார் ஒரு தந்திரம் செய்வார். இரண்டாம் குரல் என்று எங்களிடம் சொல்லவே மாட்டார். எங்களை மட்டும் ஒரு வாரம் தனியாக உட்கார வைத்து, இதுதான் பாட்டு என்று அதையே சொல்லிக்கொடுப்பார். நிஜ மெட்டு எங்கள் காதில் விழவே விழாது. எட்டாம் நாள் இரண்டு கூட்டத்தையும் சேர்த்தபோது, அவர்கள்தான் எங்கள் பாட்டைத் தப்பாகப் பாடுகிறார்கள் என்று நாங்கள் இன்னும் பலமாகப் பாடினோம்! இதற்கு ஒரு வாரம் பொறுமை வேண்டும், ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆரம்பித்தால் நடக்காது.

மூச்சுக்கும் ஒன்று சொல்வார்: பக்கத்துப் பையன் மூச்சு எடுக்கும்போது நீ எடுக்காதே. அப்போதுதான் கேட்பவர்களுக்குப் பாட்டு எங்கேயும் அறுந்த மாதிரி தெரியாது.

குரல் உடைகிற விஷயம் எனக்கே நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஆகிவிட்டது. நானே நின்றுவிட்டேன். சார் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். போனால், கீழ் ஸட்ஜமத்தை, அதாவது ‘ஸ’வை மட்டும் பிடி, வேறு எதுவும் வேண்டாம் என்றார். எட்டு மாதம் நான் பாடியது ‘ஸ’ மட்டும்தான். மற்றவர்கள் பாட்டுப் பாட, நான் மனித சுருதிப்பெட்டி. குரலைப் போட்டு முறுக்காததால் அது தானாக ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்தது. உங்கள் பையன்களிடம் செய்து பாருங்கள், ஆனால் கேலி செய்கிற பையன்களை முதலில் அடக்க வேண்டும், அதுதான் பெரிய வேலை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சாரைப் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டது, காதில் மெஷின். அந்தப் பாட்டு நோட்டுகளைக் கேட்டேன். பக்கம் பக்கமாக 2, 3, 4 என்று இருந்ததைப் பார்த்து, வீடு மாறும்போது பால் கணக்கு நோட்டு என்று நினைத்துப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். எனக்குத்தான் பகீரென்றது, சார் சிரித்துக்கொண்டிருந்தார். “இப்ப பாடுறியாடா?” என்றார். இல்லை சார் என்றேன். “ஸ மட்டும் பிடி பாப்போம்” என்றார். பிடித்தேன். பாதியில் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. சார் காதுமெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “நீ சரியா இருக்கே, அதுதான் அரைக் கட்டை தூக்கல்” என்றார்.