புதுப்பிப்பு: எஸ்டீம் கிளட்ச் வழுக்கலுக்குக் காரணம் கிடைத்தது

போன மாதம் என் 2001 மாருதி எஸ்டீம் காரின் கிளட்ச் வழுக்குவதைப் பற்றிப் புலம்பியிருந்தேன். 402 மீட்டர் டிராக் ஓட்டத்தில் (நேர்கோட்டு வேகப் போட்டி) மூன்றாவது கியர் போட்டதும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறும், கார் வேகம் ஏறாது. ஹெவி டியூட்டி கிளட்ச் போடுங்கள் என்று பலர் சொன்னீர்கள்.

நல்லவேளை, அவசரப்பட்டு வாங்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் கிளட்ச் பிளேட்டில் பாதி வட்டம் கறுத்துக் கிடக்கிறது, தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. கிராங்க்கின் (இன்ஜினின் முக்கியத் தண்டு) பின்பக்க ஆயில் சீல் கசிந்து, ஆயில் பிளேட்டில் படிந்திருக்கிறது. இருபது வயது தாண்டிய ரப்பர், பாவம் அது என்ன செய்யும்! சீல், பிளேட் இரண்டும் புதிது போட்டாயிற்று. ஒரிஜினல் அளவுதான்.

சரி, இப்போது கிளட்ச் பிடிக்கிறது, டயர் பிடிக்கவில்லை. கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது, இழுக்கும் சக்கரமோ முன்னால் இருக்கிறது. அதனால் பிடிப்புக் கூட, முன் டயரில் காற்றை 24 பிஎஸ்ஐக்கு இறக்கினேன், பின்னால் 36. கிளம்பும் ஆர்பிஎம்மையும் 5000லிருந்து 3500க்குக் குறைத்தேன். எடை குறைய, பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வீட்டில். 402 மீட்டருக்கு 17.9 விநாடி 17.2 ஆனது. அதில் பெரும்பங்கு கிளம்பும் விதத்தால் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பழைய மாருதி பலேனோ காரின் 1.6 லிட்டர் இன்ஜினை இதில் போடுவாயா என்று கேட்டவருக்கு: இப்போதைக்கு இல்லை. வயரிங் வேலையைவிட ஆர்டிஓ அனுமதிக்கு அலைவதை நினைத்தால்தான் பயம். அடுத்து, கிளம்பும்போது பின்பக்கம் அமுங்காமல் இருக்க, பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிப் பார்க்கிறேன்.